குறுங்கம்பியும் கம்பிச் சுருளும்



மோட்டார் வண்டியின் கூரைமேலும், மீன்பிடிப் படகின் அணியத்திலும், காவலர் கையிலே பிடித்திருக்கும் பேசுகருவியின் தலையிலும் சிறு கம்பியொன்று நிமிர்ந்து நிற்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவற்றுட் சிலவற்றின் அடியிலோ நடுவிலோ ஒரு புடைப்பு இருக்கும். வேறு சில, கறுத்த றப்பர் உறை போர்த்துத் தடித்துக் குறுகி இருக்கும். அப்புடைப்பினுள்ளும் உறையினுள்ளும் இருப்பது கம்பிச் சுருள்.

அச்சுருளுக்கு அங்கே என்ன வேலை? இவ்வினாவுக்குப் பலர் உடனே ஒரு விடை கூறுவர். “ஏரியலுக்கு நெடிய கம்பி வேண்டும். நெடிய கம்பிக்கு இடமில்லை. ஆகவே, மிகுதிக் கம்பியைச் சுருட்டி வைத்திருக்கிறார்கள்” என்பதே அவ்விடை. விரித்த பாயைச் சுருட்டி மூலையிலே சாத்தி வைப்பதுபோல நெடுங்கம்பியைச் சுருட்டிக் குறுங்கம்பியாக்கி விடலாம் என்பது இதன் கருத்து. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இக்கருத்து உண்மையில் வெகுதூரம் வழிதவறியது. வீட்டிலிருந்து வானொலி கேட்பவருக்கு இப்பிழையால் பெருநட்டம் எதுவுமில்லை. நடுக்கடலில் நின்று உதவி கோரி அழைப்பவனுக்கோ இது உயிரைப் பற்றிய காரியம். ஆதலால், சுருள் எதைச் செய்கிறது, எதைச் செய்யமாட்டாது என்பதை இன்று சற்று ஆராய்வோம்.

முதலில், ஏரியலுக்கு நீளம் எதற்கு என்பதைப் பார்ப்போம். வானொலியலை ஒரு செக்கனில் ஏறக்குறைய 3 இலட்சம் கிலோமீற்றர் செல்வது. செக்கனொன்றில் அலை எத்தனை முறை அதிர்கிறதோ அதனை மீடிறன் என்கிறோம். வேகத்தை மீடிறனால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். மத்திய அலைவரிசையில் 1000 கிலோஹேர்ட்ஸ் மீடிறனுக்கு அலைநீளம் 300 மீற்றர். நிலத்திலிருந்து நிமிர்ந்து நிற்கும் ஏரியலுக்கு இயல்பான உயரம் அலைநீளத்தின் காற்பங்கு, அதாவது 75 மீற்றர். ஒலிபரப்பு நிலையங்களிலே கோபுரங்கள் வானளாவி நிற்பதன் காரணம் இதுவே.

காற்பங்கு என்ற அளவு எங்கிருந்து வந்தது? கம்பியின் அடியிலே செலுத்தப்படும் மின்னலை நுனிவரை ஓடுகிறது. நுனிக்கு அப்பால் வழியில்லை. ஆகவே, அங்கே மோதித் திரும்பி வருகிறது. கம்பியின் உயரம் காலலையாக இருந்தால், திரும்பிவரும் அலை, அடியிலே புதிதாகப் புறப்படும் அலையோடு ஒத்த வேளையிலே சேர்ந்து அதற்கு வலுவூட்டும். ஊஞ்சலைத் தள்ளுபவர், அது திரும்பும் தருணம் பார்த்துத் தள்ளினால் சிறு கைத்தள்ளலிலேயே அது உயர ஆடுவதில்லையா? அதுபோன்ற இணக்கம் இது. இதனைப் பரிவு என்பர். பரிவுற்ற காலலைக் கம்பத்திலே மின்னோட்டம் அடியில் மிகுந்தும், மேலே செல்லச் செல்லக் குறைந்தும், நுனியில் ஒன்றுமின்றியும் இருக்கும்.

பொறியியலாளர் ஒரு முழு அலையை 360 பாகையாகப் பகுத்து, ஏரியலின் உயரத்தையும் பாகையிலே கூறுவர். காலலைக்கு 90 பாகை. இதற்கு மின்நீளம் என்று பெயர். கம்பியின் தடிப்பாலும் நுனியின் விளைவாலும் கோல்கொண்டு அளக்கும் நீளத்துக்கும் மின்நீளத்துக்கும் சிறு வேறுபாடு உண்டு. உண்மைக் கம்பமொன்று காலலையிலும் நூற்றுக்குச் சில பங்கு குறைந்த உயரத்திலேயே பரிவடைந்து விடும்.

இனி, 90 பாகை உயரத்துக்கு இடமில்லை என்று வைத்துக்கொள்வோம். ஓர் உதாரணத்தை இறுதிவரை கணக்கிட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். பொழுதுபோக்காக வானொலித் தொடர்பு கொள்ளும் அன்பர் ஒருவர், தம் மோட்டார் வண்டியிலிருந்து 7.1 மெகாஹேர்ட்ஸிலே பேச விரும்புகிறார். அலைநீளம் சுமார் 42 மீற்றர். காற்பங்கு பத்தரை மீற்றர். அத்துணை உயரமான கம்பத்தை வண்டிமேல் நாட்டி வீதியிலே செல்ல முடியுமா? இரண்டரை மீற்றர்க் கம்பியையே அவர் நாட்டுகிறார். அதன் மின்நீளம் 21 பாகை மாத்திரமே.

இக்குறுங்கம்பியில் அலை நுனிவரை சென்று திரும்பும்போது காலம் பொருந்துவதில்லை. முந்தி வந்து விடுகிறது. கம்பியும் நிலமும் இரு தகடுகள்போல நின்று மின்னேற்றத்தைத் தேக்கி வைக்கின்றன. கம்பி, கொள்ளளவம் உடைய ஒரு பொருளாகவே நடந்துகொள்கிறது. மெல்லிய கம்பியாயின் இது காட்டும் எதிர்ப்பு ஏறக்குறைய 1050 ஓம் ஆகும். இந்த எதிர்ப்பு இருக்கும்வரை அனுப்புகருவியின் வலு கம்பிக்குள் நுழைவது அரிது.

இங்கேதான் சுருள் வருகிறது. சுருளின் இயல்பு கொள்ளளவத்தின் இயல்புக்கு நேர்மாறானது. அது மின்னோட்டத்தின் மாற்றத்தைத் தாமதிக்கச் செய்வது. ஒன்று முந்துகிறது, மற்றது பிந்துகிறது. இரண்டும் அளவில் ஒத்திருந்தால் ஒன்றையொன்று நீக்கிவிடும். நமது உதாரணத்திலே, 1050 ஓம் தூண்டல் எதிர்ப்பு உடைய சுருளை அடியிலே சேர்த்தால் கணக்குச் சரியாகும். அதன் தூண்டுதிறன் 23 மைக்கிரோஹென்றிக்குச் சற்று மேற்படும். கம்பி பரிவடைந்து விடுகிறது.

இதனை விளங்கிக்கொள்ள மிருதங்கத்தை நினைத்துப் பாருங்கள். வித்துவான் கச்சேரிக்கு முன்பு தொப்பிப் பக்கத்திலே ரவையைப் பிசைந்து அப்புகிறார். தோலின் வட்டம் அதே வட்டம்தான். பாரம் கூடியதனால் அதன் அதிர்வு மெதுவாகி, நாதம் தாழ்கிறது. ஏரியலிலே சுருள் செய்வதும் இதுவே. ஆங்கிலப் பொறியியலாளரும் இச்சுருளைப் பாரமேற்றும் சுருள் என்றே தம் மொழியில் வழங்குகின்றனர். பாரம் ஏற்றியதனால் குறுங்கம்பி தாழ்ந்த மீடிறனுக்கு இசைந்து கொடுக்கிறது. ஆனால், ரவை அப்பியதனால் மிருதங்கம் பேரிகையாகி விடுவதில்லை. பேரிகையின் முழக்கம் அகன்ற தோலிலிருந்து வருவது. அந்த அகலத்தை ரவை கொடுக்க மாட்டாது.

மிகுதிக் கம்பியைச் சுருட்டியதே சுருள் என்ற எண்ணத்தையும் இங்கேயே சோதித்துப் பார்க்கலாம். பத்தரை மீற்றரில் இரண்டரை போக மிகுதி எட்டு மீற்றர். எட்டு மீற்றர்க் கம்பியா அச்சுருளில் இருக்கிறது? 5 சென்ரிமீற்றர் விட்டமும் ஏழரைச் சென்ரிமீற்றர் நீளமும் உடைய உருளையிலே சுற்றினால், வேண்டிய தூண்டுதிறனுக்குச் சுமார் 30 சுற்றுப் போதும். கம்பியின் நீளம் ஐந்து மீற்றருக்கும் குறைவு. ஃபெரைற்று வளையத்திலே சுற்றினாலோ சில சுற்றுகளிலேயே காரியம் முடிந்துவிடும். ஏனெனில், சுருளின் ஒவ்வொரு சுற்றும் மற்றைச் சுற்றுகளின் காந்தப் புலத்தோடு பிணைந்திருக்கிறது. அப்பிணைப்பே தூண்டுதிறனைப் பெருக்குகிறது. மறுபுறத்தில், றப்பர் உறைக்குள் அடியிலிருந்து நுனிவரை நெடுகச் சுற்றப்பட்ட ஏரியலுக்குக் காலலை நீளத்திலும் கூடிய கம்பி தேவைப்படுவது வழக்கம். ஓரிடத்தில் குறைவு, வேறோரிடத்தில் கூடுதல். ஆகவே, கம்பியின் நீளம் இக்கணக்குக்கு அளவுகோல் ஆகாது என்பது தெளிவு.

இன்னுமொரு கருத்தும் நிலவுகிறது. “ஏரியல் 21 பாகை. ஆகவே, சுருள் மிகுதி 69 பாகையையும் நிரப்பி 90 ஆக்குகிறது” என்பர் சிலர். இது உண்மையாயின், 69 பாகை நீளமான நேர்கம்பியில் நிகழ்வதுபோல, சுருளின் கீழ்முனையிலே புகும் மின்னோட்டம் மேல்முனையிலே ஏறக்குறைய மூன்றிலொரு பங்காகக் குறைந்திருத்தல் வேண்டும். அடக்கமாகச் சுற்றிய சிறு சுருளிலோ இரு முனைகளிலும் மின்னோட்டம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. அங்கே சுருள் இழந்த பாகைகளைத் திருப்பித் தரவில்லை. எதிர்ப்பை மாத்திரமே நீக்கியிருக்கிறது. நெடுகச் சுற்றிய மெல்லிய சுருளின் கதை சற்று வேறு. அதிலே அலை சுருளின் அச்சு வழியே மெதுவாக ஊர்ந்து செல்லுகிறது. மின்னோட்டமும் படிப்படியாகக் குறைகிறது. அத்தகைய சுருளுக்குப் பாகை கூறுவதிலே பொருளுண்டு. ஆயினும், எவ்வகைச் சுருளாயினும், ஒன்றை மாத்திரம் அது தருவதில்லை. அதுதான் உயரம்.

உயரம் என்ன செய்கிறது என்பதே நமது பேச்சின் நடுப்பொருள். ஏரியலுக்குள் புகுந்த வலு இரண்டு வழியாகச் செலவாகிறது. ஒரு பங்கு அலையாக வெளியே பரவுகிறது. மறுபங்கு சுருளிலும் நிலத்திலும் வெப்பமாக அழிகிறது. பரவும் பங்கைக் கணக்கிடுவதற்காகக் கதிர்வீச்சுத் தடை என்ற ஓர் அளவை வைத்திருக்கின்றனர். காலலைக் கம்பத்துக்கு இது சுமார் 36 ஓம். குறுங்கம்பிக்கோ, உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்து இது குறைந்துகொண்டே போகும். உயரம் பாதியானால் கதிர்வீச்சுத் தடை காற்பங்காகும். உயரம் பத்திலொன்றானால் தடை நூற்றிலொன்றாகும்.

நமது இரண்டரை மீற்றர்க் கம்பியின் கதிர்வீச்சுத் தடை 1.4 ஓம் மாத்திரமே. நன்றாகச் செய்த சுருளுக்கும் 5 ஓம் அளவிலே தடையுண்டு. வண்டியின் உடலும் அதன் கீழுள்ள நிலமும் சேர்ந்து 10 ஓம் என்று கொள்வோம். மொத்தம் 16.4 ஓம். அதிலே 1.4 ஓம் பங்கே அலையாகிறது. 100 உவாற்று வலுவைச் செலுத்தினால் எட்டோ ஒன்பதோ உவாற்று வானிலே பரவும். மிகுதி சுருளையும் நிலத்தையும் சூடேற்றும். அதே நிலத்தின்மேல் முழுக் காலலைக் கம்பம் நின்றிருந்தால் 78 உவாற்றுப் பரவியிருக்கும். இரண்டுக்கும் பரிவு உண்டு. வினைத்திறனிலோ மலைக்கும் மடுவுக்குமுள்ள வேறுபாடு.

பரிவைக் கண்டு மயங்குவோர் அளவுகருவியைக் கண்டும் மயங்குவர். அனுப்புகருவிக்கும் ஏரியலுக்கும் பொருத்தம் சரியா என்று காட்டும் கருவியொன்று உண்டு. அதன் முள் நல்ல இடத்திலே நின்றவுடன், ஏரியல் சிறப்பாக வேலை செய்கிறது என்று முடிவு கட்டி விடுகின்றனர். பெட்டியொன்றில் அடைத்த 50 ஓம் தடைத்துண்டை இணைத்தாலும் அந்த முள் அதே இடத்திலேதான் நிற்கும். அத்துண்டிலிருந்து அலை எதுவும் வெளிவராது. வலு முழுவதும் வெப்பமாகும். முள் காட்டுவது வலு உள்ளே புகுந்ததை. அது எங்கே சென்றது என்பதை அன்று. இதேபோல, “இக்குறுங்கம்பி அகன்ற பட்டையிலே வேலை செய்கிறது” என்பதும் புகழ்ச்சியன்று. மிகக் குறுகிய கம்பியின் சுருள் தரமானதாயின் பரிவு கூர்மையாக இருக்கும். மீடிறன் சற்று விலகினாலும் பொருத்தம் கெடும். பட்டை விரிந்து கிடந்தால், இழப்பு மிகுந்திருக்கிறது என்று ஐயுறுதல் வேண்டும்.

இன்னுமோர் எச்சரிக்கை. நமது உதாரணத்திலே 100 உவாற்றுச் செலுத்தும்போது இரண்டரை அம்பியர் அளவான மின்னோட்டம் 1050 ஓம் எதிர்ப்பினூடே ஓடுகிறது. சுருளின் மேல்முனையிலே 2500 வோல்ற்றுக்கு மேல் எழும். இயங்கும் வேளையில் அதைத் தொடுவோரின் கை சுடும்.

இதுகாறும் கூறியவற்றின் முழுப் பொருளையும் வரலாற்று நிகழ்ச்சியொன்றிலே காணலாம். இரண்டாம் உலக யுத்தத்திலே கடலில் வீழ்ந்து றப்பர்த் தோணியிலே தத்தளித்த அமெரிக்க விமானிகளுக்கு அபாய அறிவிப்புக் கருவியொன்று கொடுக்கப்பட்டது. முழங்கால்களுக்கிடையே இடுக்கிக்கொள்வதற்கு வசதியாக இடை சிறுத்திருந்ததால், ஓவியர் கிப்சன் வரைந்த நங்கையரின் பெயரால் அதனைக் ‘கிப்சன் கேர்ள்’ என்று அழைத்தனர். கையால் கைபிடியைச் சுழற்றினால் மின்சாரம் பிறக்கும். அபாய அழைப்பு, கப்பல்களுக்குரிய 500 கிலோஹேர்ட்ஸிலே தானாகவே செல்லும். அலைநீளம் 600 மீற்றர். காலலை 150 மீற்றர். தோணியிலே அத்துணை உயரத்துக்கு எங்கே போவது?

மூன்று மீற்றர்க் கோலொன்றை நாட்டி, பெருஞ்சுருளொன்றால் பரிவு காட்டியிருக்கலாமே என்று தோன்றும். கணக்கிட்டுப் பாருங்கள். மூன்று மீற்றர்க் கோலின் கதிர்வீச்சுத் தடை ஓர் ஓமின் நூற்றிலொரு பங்கு. அதற்கு வேண்டிய சுருளின் தடையோ 60 ஓமுக்கு மேற்படும். ஆறாயிரம் பங்கு வலுவிலே ஒரு பங்குதான் அலையாக வெளியேறும். களைத்த மனிதன் கை சலிக்கச் சுழற்றிப் பெற்ற வலு, சுருளை இளஞ்சூடாக்குவதிலேயே போய்விடும்.

கருவியை அமைத்தவர்கள் இதை அறிந்திருந்தனர். ஆகவே, பெட்டியோடு ஒரு பெட்டிப் பட்டத்தையும் வைத்தனர். காற்றில்லா வேளைக்குப் பலூனும் உண்டு. 300 அடி, அதாவது சுமார் 90 மீற்றர்க் கம்பியைப் பட்டம் வானிலே தூக்கி நிறுத்தும். உயரம் முப்பது மடங்கு. கதிர்வீச்சுத் தடை தொள்ளாயிரம் மடங்கு. ஓமின் நூற்றிலொரு பங்காக இருந்தது, ஒன்பது ஓமாகி விடுகிறது. காலலைக்கு எஞ்சிய குறையைச் சமன்செய்யச் சிறிய இசைவுச் சுருள் போதுமாயிற்று. பெருங்குறையைப் பட்டம் தீர்த்தது. சிறுகுறையைச் சுருள் தீர்த்தது.

பட்டத்தின் இத்தொண்டு புதிதன்று. 1901 டிசம்பர் 12இலே நியூபவுண்ட்லாந்தின் சென் ஜோன்ஸ் நகரருகே அத்திலாந்திக்கைக் கடந்துவரும் குறிகளுக்காக மார்க்கோனி காத்திருந்தபோதும், அவரது கம்பியை ஏறக்குறைய 500 அடி உயரத்திலே தாங்கி நின்றது பட்டமே. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையிலே வானைப் பட்டங்களால் நிரப்பும் நம்மவருக்கு இச்செய்தி உவப்பானதாக இருக்கும்.

அப்படியாயின், குறுங்கம்பியைக் கொண்டு வாழ்வோருக்கு வழியே இல்லையா? உண்டு. முதலாவது, சுருளை அடியிலிருந்து நடுவுக்கு உயர்த்துதல். சுருளின் கீழுள்ள பகுதியிலே மின்னோட்டம் குறையாமல் நிற்பதால், கதிர்வீச்சுத் தடை இரு மடங்குக்கு மேல் உயரும். ஆனால், மேலே எஞ்சும் கம்பி குறுகியதாதலால் சுருளும் ஏறக்குறைய இரு மடங்கு பெரிதாதல் வேண்டும். அதன் இழப்பும் கூடும். இரண்டையும் கழித்துப் பார்த்தால் நமது உதாரணத்திலே எட்டு உவாற்று, பதின்மூன்று உவாற்றாகும். இரண்டாவது, நுனியிலே கம்பிகளை ஆரங்களாக விரித்துக் குடைபோல அமைத்தல். குடை கொள்ளளவத்தைக் கூட்டுவதால் சுருள் சிறிதாகிறது. மின்னோட்டமும் நுனிவரை குறையாமல் செல்கிறது. குடை போதிய அளவு விரிந்தால் கதிர்வீச்சுத் தடை நான்கு மடங்குவரை உயரும். மூன்றாவது, நிலத்தொடுப்பைச் செம்மையாக்குதல். நிமிர்ந்த ஏரியலுக்கு நிலம் மறுபாதி. உலோகத் தகட்டையோ புதைத்த செப்புக் கம்பிகளையோ நன்கு இணைத்தால் வீணாகும் பங்கு குறையும்.

இம்முறைகளின் உச்சநிலையை அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் கட்லர் என்னுமிடத்திலே காணலாம். நீர்மூழ்கிக் கப்பல்களோடு பேசுவதற்காக 1961இலே தொடங்கிய நிலையம் அது. 24 கிலோஹேர்ட்ஸுக்கு அலைநீளம் பன்னிரண்டரைக் கிலோமீற்றர். காலலை மூன்று கிலோமீற்றருக்கு மேல். அங்குள்ள 26 கோபுரங்களுள் மிக உயர்ந்தவை 300 மீற்றர் அளவினவே. மின்நீளத்தால் அவை குட்டையான கம்பங்கள். ஆயினும், கோபுரங்களுக்கிடையே நட்சத்திர வடிவிலே விரிந்த பிரமாண்டமான கம்பிக் குடையும், நிலத்திலே பரப்பிய பெருஞ்செப்பு வலையும், தடை மிகக் குறைந்த சுருள்களும் சேர்ந்து செலுத்திய வலுவின் பெரும்பகுதியை வானிலே பரப்புகின்றன. குறுங்கம்பியும் வெல்லலாம் என்பதற்கு இது சான்று. வெற்றியைத் தந்தவை குடையும் நிலமும் செம்பும். சுருள் இசைவைத் தந்தது.

இன்று 500 கிலோஹேர்ட்ஸ் அபாய அலைக்கு முன்பிருந்த காவல் இல்லை. 1999இலே உலகக் கடற்பாதுகாப்பு முறை மாற்றியமைக்கப்பட்டு, அது ஓய்ந்துவிட்டது. அதன் இடத்திலே வந்த அபாய அறிவிப்பான்கள் 406 மெகாஹேர்ட்ஸிலே செய்மதியை நோக்கி அழைப்பவை. அங்கே காலலை 18 சென்ரிமீற்றர். ஒரு சாண் கம்பியே முழு ஏரியல். கம்பியைச் சுருட்டி உயரத்தை ஏமாற்ற முயலாது, கம்பிக்கேற்ற அலையைத் தேர்ந்தெடுத்த அறிவு இது.

படகிலே கைப்பேசுகருவி வைத்திருக்கும் மீனவ அன்பர்களுக்கு ஒரு சொல். கடல்வழி அழைப்புக்குரிய 16ஆம் அலைவரிசை 156.8 மெகாஹேர்ட்ஸ். அதன் காலலை 48 சென்ரிமீற்றர். கருவியின் தலையிலுள்ள றப்பர்க் கொம்பு அதிலும் குறுகியதாயின், உள்ளே சுருள் இருக்கிறதென்று அறிக. கரையோரத்திலே, தோழர் அருகிலிருக்கையில் அது போதும். தூரக்கடல் செல்வோர், முழு நீளமுடைய ஏரியலைப் படகின் உயர்ந்த இடத்திலே பொருத்தி, நல்ல வடத்தால் கருவியோடு இணைத்து வைத்துக்கொள்வதே தக்கது. அபாய வேளையில் கருவியைக் குறைகூறிப் பயனில்லை.

ஏரியல் வாங்குவோரும் செய்வோரும், அது பரிவடைகிறதா என்று கேட்பதோடு நின்றுவிடக் கூடாது. அதன் உயரம் அலைநீளத்திலே எத்தனை பங்கு, சுருளில் இழப்பு எவ்வளவு, நிலத்தொடுப்பு எத்தகையது என்ற மூன்றையும் கேட்டல் வேண்டும். பரிவு, வலுவை உள்ளே விடும் வாயில். வீட்டுக்குள் புகுந்த வலு எங்கே செல்லும் என்பதை உயரமும் இழப்புமே தீர்மானிக்கின்றன.